மேல் வலது மூலையில் இருந்த நம்பர்

அந்தமான் போகும் கப்பலில் என் மனைவிக்கு ஒரு படுக்கை வாங்குவதற்காக ஐந்து நாள் அலைந்தேன். அந்த ஐந்து நாட்களிலும் நான் நிரூபிக்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் உலகப் போரின்போது நான்கு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தேன் என்பது. செஞ்சியில் இதை அறியாதவர் கிடையாது. கடைவீதியில் எனக்கு மிலிட்டரி என்றுதான் பெயர். நான் குடியிருந்த வீடு மிலிட்டரி வீடு. என் பெயரை மட்டும் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. மிலிட்டரி என்று கேட்டால் திண்டிவனம் ரோடு முனையிலேயே கை காட்டிவிடுவார்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு வயது நாற்பத்தாறு. உயர்நிலைப் பள்ளியில் எழுத்தர் வேலை. நாள்தோறும் குறிப்பு எழுதும் பழக்கம் படையில் தொடங்கியது, இன்றுவரை விட்டதில்லை. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன் என்பதால், யார் என்ன சொன்னார்கள் என்பதில் பிழை இருக்காது.

எங்கள் ஒரே மகளைப் போர்ட் பிளேரில் மராமத்து இலாகா ஓவர்சியராக இருந்தவருக்குக் கொடுத்திருந்தோம். முதல் பிரசவம். ஏழாம் மாதத்தில் அழைத்து வந்து எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆனால் அவளுக்குக் கால் வீங்கிவிட்டது, ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது, கப்பலில் அனுப்பவே கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். மருமகனுக்குத் தாய் இல்லை. அக்கா தங்கையும் இல்லை. ஆகவே என் மனைவிதான் போயாக வேண்டும். கப்பல் மாதத்துக்கு ஒன்று. மார்கழிக் கடைசியில் புறப்படும் கப்பலில் போனால் பிரசவத்துக்கு முன் போய்ச் சேரலாம். அதற்கடுத்த கப்பலில் போனால் குழந்தையைத் தொட்டிலில்தான் பார்க்கலாம். மகள் கடிதத்தில் வேறு எதுவும் எழுதவில்லை. "அம்மா வந்துடுவாங்களா?" என்று மட்டும் கேட்டிருந்தாள்.

சென்னையில் இருந்த கப்பல் ஏஜெண்டுக்கு எழுதினேன். திங்கட்கிழமை அஞ்சலட்டையில் பதில் வந்தது. அந்தக் கப்பலில் பொது இடங்கள் அனைத்தும் நிரம்பிவிட்டன. முன்னாள் படைவீரருக்கும் அவருடன் செல்லும் மனைவிக்கும் சலுகைக் கட்டணத்தில் ஒதுக்கிய சில படுக்கைகள் மட்டும் மீதி இருக்கின்றன. படைவீரர் என்பதற்கான அசல் சான்றுடன் நேரில் வரவும்.

படித்ததும் எனக்கு ஏற்பட்டது கவலையல்ல, திருப்தி. என் வீட்டில் எந்தக் காகிதமும் தேட வேண்டியதில்லை. பிறப்பு, படிப்பு, படை, வேலை, நிலவரி என்று ஐந்து உறைகள். ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பவற்றின் பட்டியல். மூன்றாவது உறையை எடுத்தேன். டிஸ்சார்ஜ் சான்றிதழை விரித்தேன்.

பெயர் இருந்தது. பதவி இருந்தது. படைப்பிரிவு, சேர்ந்த நாள், விடுபட்ட நாள், நடத்தை மிக நன்று, முத்திரை, மேஜரின் கையெழுத்து, எல்லாம் இருந்தன. படையில் எனக்குக் கொடுத்த நம்பர் இல்லை. நம்பர் இருக்க வேண்டிய மேல் வலது மூலையில் அரை ரூபாய் அளவுக்குக் கறுத்த சிவப்பில் ஒரு வட்டம். அதன் நடுவில் இராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை. ஓட்டை வழியாக என் விரல் நகம் தெரிந்தது.

ஆயுத பூஜைக்கு ஆண்டுதோறும் வீட்டில் அரிவாள்மணை, கத்தரிக்கோல், மண்வெட்டி, என் பேனா, மகளின் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனம் பூசிப் பொட்டு வைப்போம். அந்த அடுக்கின் மேல் டிஸ்சார்ஜ் சான்றிதழும் இருக்கும். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த காகிதம் அதுதான் என்பதால் நானே அதை வைக்கச் சொன்னேன். பதினெட்டு ஆயுத பூஜைகள். பதினெட்டு முறை ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"யார் இதைச் செய்தது?" என்று கத்தினேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்து ஊதுகுழலோடு வந்தாள். "இன்னாத்துக்கு இப்ப கத்தறீங்க?"

"நம்பர் மேலேயே குங்குமத்தை வைத்திருக்கிறாய். பதினெட்டு வருஷமாக!"

"குங்குமம்தான வெச்சேன், கொள்ளியா வெச்சேன்?" வாங்கிப் பார்த்தாள். "பூச்சி தின்னதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? மூலையில வையின்னு சொன்னது நீங்கதான்."

"நானா?"

"நீங்கதான். நான் நடுவுலதான் வெக்கப் போனேன். என் கையைப் புடிச்சு இழுத்து மூலைக்குக் கொண்டாந்தீங்க. எழுதி வெச்சிருப்பீங்களே, போய்ப் பாருங்க."

பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். படையிலிருந்து வந்த முதலாண்டுக் குறிப்பில், ஆயுத பூஜை நாளன்று, என் கையெழுத்தில் இருந்தது: "சான்றிதழின் நடுவில் பொட்டு வைக்கப் போனாள். முத்திரை கெடும் என்று தடுத்து மேல் வலது மூலைக்கு மாற்றினேன். இனி ஆண்டுதோறும் அதே இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்." அவள் தன் இஷ்டப்படி ஒரு வருஷம் இங்கும் ஒரு வருஷம் அங்கும் வைத்திருந்தால் எந்த எழுத்தும் அழிந்திருக்காது. நான் சொன்னபடியே, இம்மி பிசகாமல், பதினெட்டு ஆண்டும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறாள்.

அவளிடம் அதைப் படித்துக் காட்டவில்லை. "இருக்கட்டும்" என்றேன்.

"இன்னா எழுதியிருக்குது?" என்றாள்.

"இருக்கட்டும் என்றேனே."

செவ்வாய்க்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு விடியற்காலை பஸ்ஸில் சென்னைக்குப் போனேன். நம்பர் எனக்கு மனப்பாடம். படையில் இருந்தவன் மனைவி பெயரை மறந்தாலும் மறப்பான், நம்பரை மறக்க மாட்டான். பத்தரை மணிக்குத் துறைமுகத்துக்கு எதிரே இருந்த அந்த ஆபீஸில் என் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவருக்கு முப்பது வயதிருக்கும். சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, கோயில் பிரசாதம் மடிச்ச பேப்பரா?"

விளக்கினேன். நம்பரைச் சொன்னேன். தடுமாறாமல் ஒரே மூச்சில் சொன்னேன்.

"சொல்லலாம் சார். நான்கூட ஒரு நம்பர் சொல்றேன், கேக்கறீங்களா?"

"என் பெயர் இருக்கிறதே. முத்திரை இருக்கிறதே."

"உங்க பேர்ல மெட்ராஸ்லயே நூறு பேர் இருப்பாங்க. நம்பர்தான் சார் ஆளு. போன கப்பலுக்கு ஒருத்தர் பெரியப்பா பேப்பரை எடுத்துக்கினு வந்துட்டார். எனக்கு மெமோ குடுத்துட்டாங்க."

"நான் என் பேப்பரைத்தான் கொண்டுவந்திருக்கிறேன்."

"அவரும் அப்படித்தான் சார் சொன்னாரு."

எனக்குப் பின்னால் நின்றவர் என் முதுகை இரண்டு முறை தட்டிவிட்டார். நான் நகரவில்லை. மகளின் நிலைமையைச் சொன்னேன். அந்த இளைஞர் கெட்டவர் அல்ல. சான்றிதழை மடித்துத் திருப்பித் தந்தார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு லிஸ்டை மூடறோம். அதுக்குள்ள நம்பர் தெரியற மாதிரி பழைய பேப்பர் எதுனா ஒண்ணு கொண்டாங்க. ராணுவம் குடுத்ததா இருக்கணும். அதுக்கு நடுவுல வேற மிலிட்டரி வந்தா குடுத்துடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதி நகல் வாங்கலாமா என்று கேட்டேன். தாராளமாக வாங்கலாம், மூன்று மாதம் ஆகும் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்து, உட்கார்ந்த இடத்திலேயே வாய்விட்டு "ஆ" என்றேன். பக்கத்தில் இருந்தவர் தன் பையை நகர்த்திக்கொண்டார். பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது டிஸ்சார்ஜ் சான்றிதழின் நகலை மேலொப்பம் வாங்கிக் கொடுத்திருந்தேன். அது பள்ளிக் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பு என் பொறுப்பில்தான் இருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. இவ்வளவு எளிதான விஷயத்துக்கு ஒரு நாள் விடுப்பையும் போக்குவரத்துச் செலவையும் வீணாக்கினேனே என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை காலை எட்டரைக்கு, பியூன் வருவதற்கு முன், நானே போய் அலமாரியைத் திறந்தேன். கோப்பு இருந்தது. நகல் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. பத்தாண்டு கடந்த நகல்களை விதிப்படி அழித்ததற்கான பட்டியலின் எண்ணும் தேதியும் அதில் எழுதி, கீழே எழுத்தர் கையொப்பம் இட்டிருந்தார். எழுத்தர் நான்தான்.

மற்ற பள்ளிகளில் முப்பது வருஷத்துக் குப்பை அலமாரியில் கிடக்கும். எலி குட்டி போட்டிருக்கும். அப்படி ஒரு பள்ளியில் நான் வேலை பார்த்திருந்தால் அன்றைக்கு என் காரியம் முடிந்திருக்கும்.

தலைமை ஆசிரியரிடம் போனேன். நீங்கள் என் நகலைப் பார்த்திருக்கிறீர்களே, ஒரு கடிதம் கொடுங்கள் என்றேன். "பார்த்தேன் சார். நம்பரைப் பார்த்தேனான்னு கேட்டா, இன்னா சொல்றது?" என்றார். மனசாட்சி உள்ள மனிதர். அந்த நேரத்தில் அது எனக்குத் தேவைப்படவில்லை.

பகல் இடைவேளையில் தாலுக்கா ஆபீசுக்குப் போனேன். அங்கே தலைமை எழுத்தர் எனக்குப் பழக்கம். நான் உள்ளே நுழையும்போதே, "வாங்க மிலிட்டரி!" என்றார்.

"அதைத்தான் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வந்தேன்" என்றேன்.

முழுவதையும் கேட்டார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "மிலிட்டரி, நீங்க மிலிட்டரின்னு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்? ஊர்ல சொல்றாங்க. ஊர்ல சொல்றதை வெச்சு நான் எழுதினா, நாளைக்கு மேலேர்ந்து கேப்பான்: நீ பார்த்தியா, அவரு துப்பாக்கி புடிச்சதை?"

"நான் துப்பாக்கி பிடிக்கவில்லை. சப்ளைப் பிரிவில் எழுத்தர்."

"அய்யய்யோ, அத வேற வெளிய சொல்லாதீங்க" என்றார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலையில் வீட்டுக்குத் திரும்பும்போது எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் கூப்பிட்டார். தாத்தா காலத்திலிருந்தே செஞ்சிக்காரர். ஊரில் நடப்பது அனைத்தும் அவர் கடைக்கு முதலில் வந்துவிடும். "அண்ணே, இன்னாண்ணே மூஞ்சி இப்படி வாடிக் கிடக்குது? கப்பல்காரன் ஒத்துக்கலியாமே?"

யார் சொன்னது என்று கேட்கவில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

"இந்த ஊருக்கே தெரியும், அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியலியா? நான் வேணா வர்றேண்ணே, இன்னும் பத்துப் பேரைக் கூட்டிக்கினு வர்றேன், லாரி வெச்சுப் போவோம். வந்து சத்தியம் பண்றோம்."

"பத்துப் பேர் சத்தியம் பண்ணினாலும் நம்பர் வராது பாய்."

"அப்ப அந்தக் கோட்டையை ஆண்ட ராஜா இன்னிக்கு இறங்கி வந்தாலும், நீ ராஜான்றதுக்கு நம்பர் எங்கன்னுதான் கேப்பான். இல்லியாண்ணே?" என்றார். ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, "அண்ணி போகாட்டி அந்தப் பொண்ணு இன்னாண்ணே பண்ணும்?" என்று கேட்டார்.

நான் வீட்டுக்கு நடந்தேன். அன்றைய குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது: "இன்னும் ஒன்றரை நாள்."

வியாழக்கிழமை காலை ஐந்தே முக்கால் இருக்கும். மார்கழிப் பனி. நான் வாசற்படியில் காபி டம்ளரோடு நின்றிருந்தேன். என் மனைவி பெருக்கித் தெளித்து, புள்ளி வைத்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கோலப் புத்தகம் உண்டு. உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னத் தாள்கள், ஒரு ஓரத்தில் கறுப்பு நூலால் தைத்தது. மார்கழியில் எடுப்பாள், தை பிறந்ததும் புடவை மடிப்புக்குள் போய்விடும். கல்யாணமான புதிதில் தெருவில் பார்த்த கோலங்களையெல்லாம் பென்சிலால் வரைந்து வைத்தது. நான் அதைக் கையில் எடுத்ததே இல்லை.

அன்று அவள் ஒரு தாளைத் திருப்பிப் பிடித்து அடுத்த கோலத்தைத் தேடினாள். திரும்பிய தாளின் மறுபக்கம் என் கண்ணில் பட்டது. அச்சடித்த ஆங்கிலம். கட்டங்கள். கட்டத்துக்குள் ஊதா மையில் கையெழுத்து.

நான் பாய்ந்தேன்.

"ஐயோ, கோலத்துல கால வெக்காதீங்க!"

வைத்துவிட்டேன். காபியும் கொட்டிவிட்டது. புத்தகத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மணியார்டர் கூப்பன்கள். நான் படையில் இருந்தபோது என் சம்பளத்தில் ஒரு பங்கை ராணுவச் சம்பள ஆபீஸ் மாதாமாதம் நேரே அவளுக்கு அனுப்பியது. பணத்தைக் கொடுத்துவிட்டுத் தபால்காரர் கிழித்துத் தரும் அடிச்சீட்டுகள் அவை. ஒவ்வொன்றிலும் இலாகா முத்திரை. ஒவ்வொன்றிலும் என் நம்பர், பதவி, பெயர். கீழே, "மனைவிக்கு" என்று குறிப்பு.

"இது எப்படி உன்னிடம்?"

"இன்னா எப்படி? தபால்காரர் குடுத்தாரு. அப்போ சண்டைக் காலம், பேப்பர் எங்க கிடைச்சுது? பின்னாடி வெத்தா இருந்துச்சு, கோலம் போட்டு வெச்சேன்."

"இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?"

"இங்கிலீஷ்ல எழுதியிருக்குது. எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் உங்களைக் கட்டிக்கினு அழறேன்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கோலப்பொடி டப்பாவைக் கீழே வைத்தாள். "இன்னாங்க? நம்பரா?"

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. நான்கு ஆண்டுக்கு ஏழு குறைந்தது. ஏழில் என்ன ஆனது என்று கேட்டேன். ஈரத்தில் ஊறிப் போனதை அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். எதையாவது வைத்துக்கொள்வதற்கும் எரிப்பதற்கும் அவளுக்கு எந்த விதியும் கிடையாது. ஐந்து உறைகளும் பட்டியலும் வைத்திருந்தவன் நான்.

அன்று பள்ளியில் தணிக்கை, விடுப்பு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை இருவரும் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். செங்கல்பட்டுக்கு அருகில் டயர் வெடித்தது. கடிகாரத்தை நான் பார்த்தது எத்தனை முறை என்று குறிப்பில் இல்லை, எண்ணவில்லை. ஆபீஸ் படியேறும்போது பதினொன்று பத்து.

கவுண்டர் இளைஞர் புத்தகத்தை வாங்கினார். ஒரு தாளைப் பார்த்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். "சார், இது இன்னா, கூப்பனா, கோலமா?"

"இரண்டும்" என்றேன்.

"இப்படி ஒண்ணை நான் பாஸ் பண்ண முடியாது சார். ஆபீசர்கிட்ட வாங்க."

உள்ளே மேலதிகாரி இருந்தார். என் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூப்பன்களைக் கண்ணருகே வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சான்றிதழையும் பக்கத்தில் விரித்து வைத்துப் பெயரையும் பிரிவையும் ஒப்பிட்டார். எனக்கு நம்பிக்கை பிறந்தது. அப்போது அவர் மணியை அடித்து டைப்பிஸ்ட் அம்மாவை வரச் சொன்னார்.

"அம்மா, இதைப் பாருங்க. பதினஞ்சு புள்ளி, ஊடுபுள்ளி. எங்க வீட்ல நேத்து இதைத் தேடிக்கினு இருந்தாங்க."

அந்த அம்மா சுருக்கெழுத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்து, மேஜை ஓரத்தில் நின்றபடியே அந்தக் கோலத்தைப் பார்த்து வரையத் தொடங்கிவிட்டார். என் மனைவி, "அங்க இல்லம்மா, இந்தப் புள்ளியச் சுத்திக்கினு போவணும்" என்று விரலால் காட்டிக்கொடுத்தாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தைந்து. நான் தொண்டையைச் செருமினேன்.

"சரி சார்," என்றார் மேலதிகாரி, "இது போதும். நம்பர் தெளிவா இருக்குது. ஆனா ஃபைல்ல வெக்க அசல் ஒண்ணு வேணும். ஒரு கூப்பனைக் குடுத்துட்டுப் போங்க."

"எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன் நான்.

"இருங்க" என்றாள் என் மனைவி. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.

"ஏதோ ஒன்றைக் கொடு" என்றேன்.

"ஏதோ ஒண்ணா? இது தேர்க் கோலம். இது சிங்கவரம் கோயில்ல பார்த்து வந்தது. இது மூணு நாள் உக்காந்து போட்டது." இன்னும் திருப்பினாள். பதினொன்று நாற்பது. "இது ஆகாது. இதுவும் ஆகாது." டைப்பிஸ்ட் அம்மா நான் முறைப்பதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் ஒரு தாளில் நிறுத்தினாள். "இது சரியா வரல. ஒரு புள்ளி விட்டுப் போச்சு. இத எடுத்துக்குங்க." நூலைப் பல்லால் கடித்து அறுத்து அந்தத் தாளைக் கொடுத்தாள்.

மேலதிகாரி அதை ஃபைலில் குத்தினார். கவுண்டர் இளைஞரைக் கூப்பிட்டு, இரண்டு படுக்கை போடு என்றார்.

இளைஞர் தயங்கினார். "சார், ஒண்ணுதான் இருக்குது. நேத்து ரெண்டு மிலிட்டரி வந்து எடுத்துட்டாங்க."

"ஒன்று போதும்" என்றேன் உடனே. "அவள் போனால் போதும்."

மேலதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. "சார், ரூல் எப்படின்னா, சலுகை படைவீரருக்கு. மனைவி உடன் செல்லலாம். உடன்னு போட்டிருக்குது. தனியா மனைவிக்கு இல்ல. ஒண்ணுன்னா அது உங்களுக்குத்தான்."

"நான் போய்ப் பிரசவத்தில் என்ன செய்வேன்?"

"அது எனக்குத் தெரியுது சார்."

ஐந்து நாளாக அலைந்து, நான்தான் நான் என்று ஒருவழியாக நிரூபித்துவிட்டேன். அதன் பலன், போக வேண்டாதவன் போகலாம், போக வேண்டியவள் போக முடியாது. நான் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது சொல்லியிருப்பேன், அது நல்லதாக இருந்திருக்காது. அதற்குள் என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி முன்னே வந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன். இந்தப் பணமெல்லாம் யாரு பேர்ல வந்துச்சு?"

"உங்க வீட்டுக்காரர் சம்பளம்மா."

"யாரு வாங்கினது?"

அவர் கூப்பனைப் பார்த்தார். "நீங்க."

"இவரு பர்மாப் பக்கம் எங்கியோ இருந்தாரு. இருக்குறாரா இல்லியான்னுகூட எனக்குத் தெரியாது. மாசா மாசம் என் கட்டைவிரலை மையில வெச்சுத்தான் தபால்காரர் பணம் குடுத்தாரு. உங்க வூட்டுக்காரர் கூட வந்தாத்தான் குடுப்பேன்னு ஒரு மாசம் சொல்லலியே. அப்ப தனியா நின்னு வாங்கினதுக்கு நான் ஆளு. இப்ப தனியாப் போறதுக்கு நான் ஆளு இல்லியா?"

மேலதிகாரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். டைப்பிஸ்ட் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

மேலதிகாரி பேனாவைத் திறந்து விண்ணப்பத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார். எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார். படைவீரரின் சம்பளப் பங்கைப் பெற்றுவந்த மனைவி என்ற முறையில் அவருடைய இடத்தில் அனுமதிக்கலாம் என்று எழுதியிருந்தார். "இது நிக்குமான்னு தெரியல. மேல கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றார். கையெழுத்துப் போட்டபோது பதினொன்று ஐம்பத்து மூன்று. ஏழு நிமிடம் மீதி.

வெளியே வந்ததும், "சாப்டலாம், பசிக்குது" என்றாள்.

கப்பல் ஏறும் நாளன்று அவளுக்கு ஒரு தாளில் பதினான்கு குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன்: எதை எந்தப் பையில் வைத்திருக்கிறது, யாரிடம் என்ன கேட்க வேண்டும், தலை சுற்றினால் என்ன செய்ய வேண்டும் என்று. வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரையாவது படித்துக் காட்டச் சொல்லியிருப்பாள் என்று நான் நம்பவில்லை. ஏணிப்படியில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவும் இல்லை. முன்னால் போன ஒரு கிழவரின் கூடை சரிந்துவிடுமோ என்று அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

ஏழாம் நாள் தந்தி வந்தது. பிறகு மருமகன் எழுதிய கடிதம். கப்பல் காலையில் கரை சேர்ந்திருக்கிறது. மறுநாள் இரவே வலி கண்டிருக்கிறது. டாக்டர் சொன்ன நாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாக. கஷ்டமான பிரசவம். பெண் குழந்தை. இருவரும் நலம். "அத்தை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, என் மனைவி சொல்லச் சொல்ல எழுதிய இரண்டு வரிகள்: மிலிட்டரிப் படுக்கை எஞ்சின் பக்கத்தில் இருந்தது, நாலு நாளும் அனல், கண்மூடவில்லை, இதற்கா இவ்வளவு அலைந்தீர்கள். நீங்களும் அடுத்த கப்பலில் வாருங்கள்.

அடுத்த கப்பலில் பொது இடம் நிறைய இருந்தது. நான் போய் அதே கவுண்டரில் நின்றேன். அதே இளைஞர். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார், பாப்பா பொறந்துச்சா?" என்று கேட்டார். சொன்னேன். மகிழ்ந்தார். சலுகை விண்ணப்பத்தை எடுத்து வைத்து, பெயரைக்கூட அவரே எழுதத் தொடங்கினார். பிறகு நிமிர்ந்தார். "கூப்பன் ஒண்ணு குடுங்க சார்."

"போன தடவை கொடுத்தது ஃபைலில் இருக்கிறதே."

"அது அம்மா பயணத்துக்கு சார். இதுக்கு வேற வேணும்."

கோலப் புத்தகம் அவள் புடவை மடிப்போடு போர்ட் பிளேரில் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். முழுக் கட்டணம் போடுங்கள் என்றேன்.

"நல்லா இருக்குது சார், நீங்க மிலிட்டரின்னு எனக்கே தெரியுமே!" என்று மனம் வருந்திச் சொல்லிக்கொண்டே முழுக் கட்டணத்துக்குச் சீட்டு எழுதினார்.

போர்ட் பிளேரில் இறங்கியபோது துறைமுகத்தில் மகள் நின்றிருந்தாள், இளைத்திருந்தாலும் நிமிர்ந்து நின்றாள். பக்கத்தில் என் மனைவி, தோளில் துணிச் சுருளாகக் குழந்தை. என் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சலுகை குடுத்தானா?"

"இல்லை. முழுக் கட்டணம்."

"ஒரு வார்த்தை எழுதியிருந்தா கூப்பன் ஒண்ணு அறுத்து அனுப்பியிருப்பேன்ல?" என்றாள். "பேப்பரையெல்லாம் வூட்ல உறை போட்டு வெச்சிருக்குற மனுஷன், இதுகூடத் தெரியலன்னா எப்படி?"

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். குழந்தையை என் கையில் வைத்துவிட்டாள்.

"பேசாம தலையைத் தாங்கிப் புடிங்க" என்றாள்.